வோல்ட்டும் ஆம்பியரும் தெரிந்தால் ஓம், வாட் கணக்கிடுவது எப்படி?

வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் ஓம், அதாவது தடை. வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட், அதாவது திறன். கணக்கு இவ்வளவுதான். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு விடை கோணலாக வருவது இந்த வகுத்தலிலோ பெருக்கலிலோ இல்லை. எந்த வோல்ட்டை எடுப்பது, எந்த ஆம்பியரை எடுப்பது என்பதில்தான் எல்லாச் சிக்கலும். நானும் அங்கேதான் நெடுநாள் திணறினேன். சூத்திரம் சொல்லித்தர ஆள் நிறைய உண்டு, அதில் எந்த எண்ணைப் போடுவது என்று சொல்ல ஆள் குறைவு. அதனால் இந்தக் கட்டுரையில் சூத்திரத்துக்குச் சில வரிகள், எண்களைச் சரியாகப் பிடிப்பதற்கு மீதி இடம் எல்லாம்.

தொடங்கும் முன் ஒன்று. கையால் அளந்து பழகுவதை பேட்டரியிலும் 12 வோல்ட்டுக்குள் வரும் அடாப்டரிலும் வைத்துக்கொள்ளுங்கள். சுவர் பிளக்கில் ஓடும் சாதனங்களுக்கு, அவற்றின் மேல் அச்சிட்டிருக்கும் எண்களே கணக்குக்குப் போதும். அவற்றைத் திறந்து மீட்டரின் புரோபை (ஒயர் நுனியில் உள்ள தொடுமுனையை) நுழைக்கும் வேலை வேண்டாம்.

1. முதலில் எண்கள் எங்கே எழுதியிருக்கின்றன என்று பாருங்கள்

பாதிக் கணக்குக்கு மல்டிமீட்டரே (வோல்ட், ஆம்பியர், ஓம் மூன்றையும் அளக்கும் கருவி) தேவைப்படாது. சாதனத்தின் அடியிலோ பின்புறமோ ரேட்டிங் பிளேட் என்று ஒரு சிறு ஸ்டிக்கர் அல்லது தகடு இருக்கும். வோல்ட், ஆம்பியர், வாட் மூன்றில் குறைந்தது இரண்டு அதில் இருக்கும். மோட்டார், எல்இடி, ரெசிஸ்டர் (கரண்டைக் கட்டுப்படுத்தும் தடைப் பாகம்) போன்ற உதிரிப் பாகங்களுக்கு டேட்டா ஷீட் என்ற விவரத்தாள் இருக்கும். பாகத்தின் எண்ணைப் போட்டுத் தேடினால் கிடைத்துவிடும், காசு கிடையாது. மூன்றாவது தாள் உங்கள் மல்டிமீட்டருடன் வந்த கையேடு. யாரும் பிரிப்பதில்லை. குறைந்தபட்சம் ஆம்பியர் அளக்கும் பக்கத்தையாவது படித்துவிடுங்கள், ஏன் என்று 4ஆம் படியில் தெரியும்.

அடாப்டரின் ஸ்டிக்கரில் ஒரு பொறி இருக்கிறது. உள்ளே போவது 100–240 வோல்ட், 0.5 ஆம்பியர், வெளியே வருவது 12 வோல்ட், 2 ஆம்பியர் என்று போட்டிருக்கும். 240ஐ 0.5ஆல் பெருக்கி, “இது 120 வாட் இழுக்கிறது” என்று சொல்பவர்கள் உண்டு. இன்னும் சிலர் 12ஐ 2ஆல் வகுத்து 6 ஓம் என்பார்கள். எதன் தடை 6 ஓம்? எதனுடையதும் இல்லை. அந்த 2 ஆம்பியர், அடாப்டரால் கொடுக்க முடிந்த உச்சம். எவ்வளவு ஓடும் என்பதை நீங்கள் மாட்டும் பொருள்தான் முடிவு செய்யும். அதே அடாப்டரில் 470 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை மாட்டினால் சுமார் 25 மில்லி ஆம்பியர் மட்டுமே ஓடும். மீதி அடாப்டரின் கையிருப்பு.

2. அலகை முதலில் நேராக்குங்கள்

சூத்திரத்துக்குள் போகும் எண்கள் வோல்ட், ஆம்பியர், ஓம், வாட் ஆகவே இருக்கட்டும். மீட்டரோ டேட்டா ஷீட்டோ மில்லி ஆம்பியரில் சொன்னால் 1000ஆல் வகுத்துவிட்டு ஆரம்பியுங்கள். 15 மில்லி ஆம்பியர் என்பது 0.015 ஆம்பியர்.

இதை விட்டால் என்ன ஆகும்? 7 வோல்ட், 15 மில்லி ஆம்பியர். அவசரத்தில் 7ஐ 15ஆல் வகுத்தால் 0.467 வரும். அதை ஓம் என்று நம்பி 0.47 ஓம் ரெசிஸ்டரைப் போட்டால், அதற்குப் பின்னால் இருக்கும் எல்இடி கண்ணிமைக்கும் நேரத்தில் போய்விடும். சரியான விடை 467 ஓம்.

இதிலேயே ஒரு குறுக்குவழியும் இருக்கிறது. வோல்ட்டை மில்லி ஆம்பியரால் வகுத்தால் விடை கிலோ ஓமில் வரும், பெருக்கினால் மில்லி வாட்டில் வரும். ஆக, மேலே வந்த 0.467 தப்பு இல்லை, அது கிலோ ஓம். சின்ன சர்க்யூட்களில் வேலை செய்பவர்கள் மனக்கணக்கில் இப்படித்தான் போடுவார்கள். பழகும்வரை நீங்கள் ஆம்பியருக்கு மாற்றியே செய்யுங்கள்.

ஆங்கில எழுத்துகளில் எழுதும்போது சின்ன எம் என்றால் மில்லி, பெரிய எம் என்றால் மெகா. இரண்டுக்கும் நடுவே நூறு கோடி மடங்கு இடைவெளி. மீட்டர் திரையின் ஓரத்தில் பொடியாகத் தெரியும் அந்த எழுத்தையும் எண்ணோடு சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். லாடம் மாதிரி இருக்கும் ஓம் குறிக்கு முன்னால் கே (கிலோ) இருக்கிறதா இல்லையா என்பதையும் அப்படியே.

3. எந்த வோல்ட்? எந்த ஆம்பியர்?

இந்தப் படியை மட்டும் இரண்டு முறை படியுங்கள். ஒரு பாகத்தின் தடையையோ திறனையோ கணக்கிட வேண்டுமானால், அந்தப் பாகத்தின் இரண்டு முனைகளுக்கு நடுவே இருக்கும் வோல்ட் வேண்டும், அந்தப் பாகத்துக்குள் ஓடும் ஆம்பியர் வேண்டும், இரண்டும் ஒரே நேரத்தில் எடுத்ததாக இருக்க வேண்டும். பேட்டரியின் மேல் எழுதியிருக்கும் வோல்ட் பெரும்பாலும் இந்த வோல்ட் இல்லை.

ஓர் எடுத்துக்காட்டைக் கடைசிவரை போட்டுப் பார்ப்போம். 9 வோல்ட் பேட்டரி, ஒரு சிவப்பு எல்இடி, இரண்டுக்கும் நடுவே வரிசையில் ஒரு ரெசிஸ்டர். எல்இடிக்கு 15 மில்லி ஆம்பியர் கொடுக்க விரும்புகிறோம். சிவப்பு எல்இடி எரியும்போது தன் முனைகளில் ஏறக்குறைய 2 வோல்ட்டை எடுத்துக்கொள்ளும். மீதி 7 வோல்ட்தான் ரெசிஸ்டரின் பங்கு. ஆகவே ரெசிஸ்டரின் தடை 7 ÷ 0.015, அதாவது 467 ஓம். அந்த மதிப்பில் கடையில் ரெசிஸ்டர் கிடையாது, பக்கத்தில் இருப்பது 470. அதைப் போட்டால் உண்மையில் ஓடுவது 7 ÷ 470 = 0.0149 ஆம்பியர்.

இப்போது திறன். ரெசிஸ்டரில் 7 × 0.0149 = 0.104 வாட். எல்இடியில் 2 × 0.0149 = 0.030 வாட். பேட்டரி கொடுப்பது 9 × 0.0149 = 0.134 வாட். முதல் இரண்டையும் கூட்டினால் மூன்றாவது வருகிறது, பாருங்கள். பாகங்களின் வாட்டைக் கூட்டினால் மூலத்தின் வாட் வர வேண்டும். வரவில்லையென்றால் ஏதோ ஒரு பாகத்துக்கு அடுத்த பாகத்தின் வோல்ட்டைப் போட்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். எந்தக் கணக்கானாலும் இந்தச் சரிபார்ப்பை விடாதீர்கள், பத்து நொடி வேலை.

அப்புறம் அந்த “ஒரே நேரத்தில்”. மாட்டாத பேட்டரி 9.2 வோல்ட் காட்டும், சுமை, அதாவது மின்சாரம் இழுக்கும் பொருள், ஏறியதும் 8.6க்கு இறங்கும். முதலில் வோல்ட்டை அளந்துவிட்டு, பிறகு சர்க்யூட்டை மாட்டி ஆம்பியரை அளந்தால் இரண்டும் வேறு வேறு நிலையின் எண்கள். சுமை ஓடிக்கொண்டிருக்கும்போது வோல்ட்டை எடுங்கள். இரண்டு மீட்டர் இருந்தால் இன்னும் நல்லது. இந்த இறக்கமும் வீணான தகவல் இல்லை. அப்போது ஓடியது 0.3 ஆம்பியர் என்றால், இறங்கிய 0.6 வோல்ட்டை 0.3ஆல் வகுத்தால் 2 ஓம் வரும். பேட்டரிக்குள்ளேயே இருக்கும் தடை அது. பேட்டரி தளரத் தளர இந்த எண் ஏறும்.

4. மீட்டரை மாட்டும் முறை

வோல்ட்டை அளக்க, சர்க்யூட்டைக் கலைக்க வேண்டாம். பாகத்தின் இரு முனைகளிலும் புரோபைத் தொட்டால் போதும். ஆம்பியருக்கு அப்படி முடியாது. ஓர் இடத்தில் ஒயரைப் பிரித்து, அந்த இடைவெளியில் மீட்டரை வைத்து, மின்னோட்டம் முழுவதும் மீட்டர் வழியாகவே போகும்படி செய்ய வேண்டும்.

சிவப்பு ஒயரைக் கவனியுங்கள். ஆம்பியருக்கு அதை வேறு துளையில் செருக வேண்டியிருக்கும்: சின்ன அளவுக்கு மில்லி ஆம்பியர் துளை, பெரிய அளவுக்கு 10 ஆம்பியர் துளை. அளந்து முடித்ததும் அந்த ஒயரை அங்கேயே விட்டுவிட்டு, அடுத்ததாக பேட்டரியின் வோல்ட்டைப் பார்க்கப் போனால், மீட்டர் இரு முனைகளையும் நேராக இணைத்த கம்பியாகிவிடும். சின்னத் துளையானால் ஃபியூஸ் போகும். பெரிய துளைக்கு விலை மலிவான பல மீட்டர்களில் ஃபியூஸே கிடையாது. அந்தத் துளையின் பக்கத்திலேயே பொடி எழுத்தில், 10 நொடிக்கு மேல் அளக்காதே, 15 நிமிடத்துக்கு ஒரு முறைதான் என்றும் போட்டிருப்பார்கள். கையேட்டைப் படிக்கச் சொன்னது இதற்குத்தான். ஆம்பியர் அளந்த கையோடு சிவப்பு ஒயரைப் பழைய துளைக்கு மாற்றிவிடுங்கள், குமிழைத் திருப்புவதற்கும் முன்னால்.

மில்லி ஆம்பியர் அளவீட்டில் மீட்டரும் சில ஓம் தடையாக வரிசையில் நிற்கும். 12 வோல்ட் சர்க்யூட்டில் அது தெரியாது. 3 வோல்ட்டில் ஓடும் சின்ன மோட்டாரில் தெரியும்: மீட்டரை நுழைத்ததுமே மோட்டார் கொஞ்சம் மெதுவாகும், காட்டும் எண் நிஜத்தைவிடக் குறைவாக இருக்கும். இதற்கு நான் விரும்பும் வழி வேறு. சர்க்யூட்டில் ஏற்கெனவே மதிப்பு தெரிந்த ரெசிஸ்டர் ஒன்று வரிசையில் இருந்தால், அதன் முனைகளில் உள்ள வோல்ட்டை அளந்து ஓமால் வகுத்துவிடுங்கள். ஆம்பியர் கிடைத்துவிடும், ஒயரைப் பிரிக்கவே வேண்டாம். ரெசிஸ்டர் இல்லாத இடத்தில் 1 ஓம் ஒன்றை நிரந்தரமாகவே சேர்த்துவிடலாம். அதில் காட்டும் ஒவ்வொரு மில்லி வோல்ட்டும் ஒரு மில்லி ஆம்பியர்.

“மீட்டரிலேயே ஓம் அளக்கும் வசதி இருக்கிறதே, எதற்கு இந்தச் சுற்று?” என்று கேட்கலாம். அது, மின்சாரம் ஓடாத, சர்க்யூட்டிலிருந்து பிரித்தெடுத்த பாகத்துக்குத்தான். ஓடும் சர்க்யூட்டில் வைத்தால் வரும் எண்ணுக்குப் பொருளே இல்லை, மீட்டருக்கும் கெடுதல். சின்னத் தடைகளிலும் அது தடுமாறும். இரண்டு புரோபையும் ஒன்றோடொன்று தொட்டுப் பாருங்கள், 0.2 முதல் 0.5 ஓம்வரை காட்டும். அது மீட்டர் ஒயர்களின் தடை. ஒரு பேட்டரி கேபிளில் 5 ஆம்பியர் ஓடும்போது அதன் இரு முனைகளுக்கும் நடுவே 0.4 வோல்ட் விழுகிறது என்றால், கேபிளின் தடை 0.4 ÷ 5 = 0.08 ஓம். இதை ஓம் அளவீட்டில் பிடிக்கவே முடியாது, வோல்ட்–ஆம்பியர் வழியில் சுலபம். கூடவே 0.4 × 5 = 2 வாட் அந்தக் கேபிளில் சூடாகப் போகிறது என்பதும் தெரிந்துவிடும்.

சாதனத்தை ஓடவிட்டவுடன் வரும் முதல் எண்ணை எழுதாதீர்கள். சூடாகும் பொருளானால் எண் நகராமல் நிற்கும்வரை, ஓரிரு நிமிடம், காத்திருங்கள். 10 ஆம்பியர் துளைக்கு மட்டும் இந்தப் பொறுமை கூடாது.

5. வகுத்து வந்த தடையைப் படிப்பது

ஒரு ரெசிஸ்டரின் முனைகளில் 11.8 வோல்ட், உள்ளே 25 மில்லி ஆம்பியர். 11.8 ÷ 0.025 = 472 ஓம். அதன் மேல் மஞ்சள், ஊதா, பழுப்பு, தங்கக் கோடுகள் இருக்கின்றன. அப்படியென்றால் 470 ஓம், கூடக்குறைய 5 சதவீதம். 446.5 முதல் 493.5 வரை எது வந்தாலும் அது நல்ல ரெசிஸ்டர்தான். கால்குலேட்டர் காட்டும் தசம வால் முழுவதையும் எழுதி வைப்பதில் பயனில்லை. மூன்று இலக்கம் போதும்.

உங்கள் கணக்கில் வந்த மதிப்பு கடையில் கிடைக்காது என்று சொன்னேன். பரவலாகக் கிடைக்கும் வரிசை 10, 12, 15, 18, 22, 27, 33, 39, 47, 56, 68, 82. இவற்றின் பத்து, நூறு, ஆயிர மடங்குகள். எல்இடி போன்ற கரண்டைக் குறைக்க வேண்டிய இடத்தில், கணக்கில் வந்ததற்கு அடுத்த பெரிய மதிப்பை எடுங்கள்.

6. திறன்: மூன்று வடிவம், எதை எப்போது?

வோல்ட் × ஆம்பியர் தவிர இன்னும் இரண்டு வடிவம் உண்டு. ஆம்பியரின் வர்க்கத்தை ஓமால் பெருக்குவது ஒன்று, வோல்ட்டின் வர்க்கத்தை ஓமால் வகுப்பது மற்றொன்று. மூன்றும் ஒன்றேதான், கையில் எந்த இரண்டு எண் இருக்கிறதோ அதற்கேற்ற வடிவத்தை எடுத்துக்கொள்ளலாம்.

இங்கே எல்லோருக்கும் ஒரு குழப்பம் வரும். ஒரு சூத்திரத்தில் தடை கூடினால் வாட் கூடுகிறது, இன்னொன்றில் தடை கூடினால் வாட் குறைகிறது. எது சரி? எது மாறாமல் நிற்கிறது என்று பாருங்கள். பேட்டரியில் நேரடியாக மாட்டிய பொருளுக்கு வோல்ட் மாறாது. அங்கே தடை கூடினால் கரண்ட் குறையும், வாட்டும் குறையும். வரிசையில் கோத்த பாகங்களுக்குள் ஓடும் ஆம்பியர் எல்லாவற்றுக்கும் ஒன்றே. அங்கே எதன் தடை அதிகமோ அதுதான் அதிகம் சூடாகும். தளர்ந்த கனெக்‌ஷன் கருகுவது இதனால்தான்.

வர்க்கம் இருப்பதால் சின்ன மாற்றம் பெரிதாகத் தெரியும். முன்பு சொன்ன அதே 470 ஓம் ரெசிஸ்டரை 9 வோல்ட்டில் நேராக மாட்டினால் 81 ÷ 470 = 0.172 வாட். கால் வாட் ரெசிஸ்டர் தாங்கும். 12 வோல்ட் அடாப்டருக்கு மாற்றினால் 144 ÷ 470 = 0.306 வாட். கால் வாட்டைத் தாண்டிவிட்டது. உடனே எரிந்துவிடாது. விரல் வைக்க முடியாத சூடு, லேசான வார்னிஷ் வாடை, சில நாளில் நிறக் கோடுகள் கருத்து எது பழுப்பு எது சிவப்பு என்று தெரியாமல் போகும். கணக்கில் வரும் வாட்டைப் போல இரு மடங்கு தாங்கும் ரெசிஸ்டரை வாங்குவது வழக்கம். இங்கே 0.306க்கு அரை வாட் போதும் போலத் தெரியும், நான் ஒரு வாட்டை எடுப்பேன்.

7. இந்தக் கணக்கு ஏமாற்றும் இடங்கள்

இழை பல்பு: 230 வோல்ட், 60 வாட் என்றால் எரியும்போது அதன் தடை 230 × 230 ÷ 60, சுமார் 882 ஓம். அணைத்துக் குளிர்ந்த பல்பைக் கழற்றி மீட்டரில் வைத்தால் அதில் பத்தில் ஒரு பங்கு கூட இருக்காது. மீட்டர் கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். டங்ஸ்டன் இழை சூடேற ஏறத் தடை பல மடங்கு கூடும்.

எல்இடி, டையோடு (கரண்டை ஒரே திசையில் மட்டும் விடும் பாகம்): வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் ஓர் எண் வரும். அது அந்த ஒரு புள்ளிக்கு மட்டும்தான். வோல்ட்டைக் கொஞ்சம் ஏற்றினால் கரண்ட் எகிறிவிடும். எனவே இவற்றுக்கு “தடை இவ்வளவு” என்று எழுதி வைக்காதீர்கள். வாட் கணக்கு மட்டும் இவற்றிலும் சரியாக வரும்.

ஏசி மின்சாரத்தில், அதாவது சுவர் பிளக்கில் வரும் மின்சாரத்தில், ஓடும் மோட்டார், எல்இடி பல்பு, அடாப்டர்: இவற்றில் வோல்ட் × ஆம்பியர் நேராக வாட் ஆகாது. 230 வோல்ட், 0.08 ஆம்பியர் என்றால் பெருக்கல் 18.4. பல்பின் மேல் 9 வாட் என்றிருக்கும். இரண்டும் சரிதான். முதலாவது வோல்ட்-ஆம்பியர், அதை பவர் ஃபேக்டரால் (அந்தப் பெருக்கலில் எவ்வளவு பங்கு உண்மையான வாட் என்று சொல்லும் எண்) பெருக்கினால்தான் வாட். இங்கே அது சுமார் 0.49. சுவர் பிளக்குக்கும் சாதனத்துக்கும் நடுவே செருகும் வாட் மீட்டர் என்று ஒன்று கிடைக்கிறது, வோல்ட், ஆம்பியர், வாட், பவர் ஃபேக்டர் என்ற நான்கு எண்களையும் அதுவே காட்டிவிடும். ஹீட்டர், இஸ்திரிப்பெட்டி போன்ற சூடாக்கும் சாதனங்களுக்கு பவர் ஃபேக்டர் 1 என்றே வைத்துக்கொள்ளலாம்.

8. செலவும் நேரமும்

வாட் கிடைத்துவிட்டால் யூனிட் கணக்கு கைக்கெட்டும் தூரம். வாட்டை மணி நேரத்தால் பெருக்கி 1000ஆல் வகுங்கள். வருவது யூனிட். அதை உங்கள் பில்லில் உள்ள ஒரு யூனிட் கட்டணத்தால் பெருக்கினால் செலவு. பயன்பாடு கூடக் கூடக் கட்டணம் ஏறும் முறையானால், உங்கள் கடைசிப் படியின் கட்டணத்தைப் போடுங்கள். கூடுதலாக ஓடும் சாதனத்துக்கு விழுவது அந்தக் கட்டணம்தான்.

மின் கெட்டில் ஒன்றின் அடியைத் திருப்பிப் பாருங்கள். 220–240 வோல்ட், 1850–2200 வாட் என்று பல கெட்டில்களில் இருக்கும். ஒரே கெட்டிலுக்கு ஏன் இரண்டு வாட்? 220இன் வர்க்கத்தை 1850ஆல் வகுங்கள்: 26.2 ஓம். 240இன் வர்க்கத்தை 2200ஆல் வகுங்கள்: அதே 26.2 ஓம். உள்ளே இருப்பது ஒரே கம்பிச்சுருள், வோல்ட்டுக்குத் தகுந்தபடி வாட் மாறுகிறது. 230இல் அது ஏறக்குறைய 2020 வாட், 8.8 ஆம்பியர். 120 வோல்ட் வரும் நாட்டுக்குக் கொண்டுபோனால் வெறும் 550 வாட், தண்ணீர் கொதிக்க யுகமாகும். தலைகீழாக, 120 வோல்ட்டுக்கென்று செய்த 1000 வாட் ஹீட்டரை 240இல் செருகினால் அது 4000 வாட் இழுக்கப் பார்க்கும். அதைச் செய்யவே செய்யாதீர்கள்.

இந்த வாட்டைக் கடிகாரம் வைத்தே சரிபார்க்கலாம். 25 டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீரை 100க்குக் கொண்டுவர ஏறக்குறைய 3,14,000 ஜூல் வேண்டும். ஒரு வாட் என்பது நொடிக்கு ஒரு ஜூல் என்பதால், 2020ஆல் வகுத்தால் 155 நொடி. கெட்டிலும் சுற்றியுள்ள காற்றும் கொஞ்சம் எடுத்துக்கொள்வதால் மூன்று நிமிடத்தை ஒட்டி வரும். செலவு 0.1 யூனிட்டுக்குக் கிட்டத்தட்ட. மூன்று நிமிடம் எடுத்த அதே கெட்டில், அதே அளவு தண்ணீருக்கு ஒரு மாலையில் நாலு நிமிடம் எடுத்தால், முன்பு சொன்ன வாட் மீட்டரில் வோல்ட்டைப் பாருங்கள். 200க்கு இறங்கியிருந்தால் 40,000ஐ 26.2ஆல் வகுத்துக்கொள்ளலாம்: 1527 வாட். கெட்டிலில் கோளாறு இல்லை, யூனிட்டும் அவ்வளவாகக் கூடாது, நேரம்தான் இழுக்கும்.